புல் இருக்கிறது, ஆனாலும் மாடு மெலிகிறதே, ஏன்? சத்தில்லாத மேய்ச்சல் நிலங்களுக்கு 'முயல் மசால்' விடையாகுமா?

மே மாதத்தில் ஜான்சியிலிருந்து லலித்பூர் பக்கம் நீங்கள் சாலை வழியாகப் போனால், இரண்டு காட்சிகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். சாலையோரத்தில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல் நிற்கும். அதே சாலையின் நடுவில் விலா எலும்பு தெரியும் மாடுகள் படுத்திருக்கும். புல் கண்ணெதிரே இருக்கும்போது மாடு எப்படி இப்படி மெலிந்துபோகும்?

இந்தக் கேள்விக்கான பதிலில் மண், செடி, மாட்டின் வயிறு, ஊர்ப் பொதுநிலம், அரசின் பணம் எல்லாமே அடங்கியிருக்கின்றன. 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்புக்கு இந்தியாவில் ஏதாவது பொருள் இருக்க வேண்டும் என்றால், இந்தக் காய்ந்த புல்லிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

பிரச்னை எவ்வளவு பெரியது?

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 19.2 கோடி மாடுகளும் 10.9 கோடி எருமைகளும் 14.8 கோடி ஆடுகளும் 7.4 கோடி செம்மறிகளும் இருக்கின்றன. 2023-24இல் நாட்டின் பால் உற்பத்தி 23.9 கோடி டன். உலகிலேயே இதுதான் அதிகம்.

இத்தனை கால்நடைக்கும் நிரந்தர மேய்ச்சல் நிலம் என்று கணக்கில் இருப்பது சுமார் 1 கோடி ஹெக்டேர், அதாவது நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 3 சதவீதம். அதிலும் பெரும்பகுதி பயிர் செய்ய லாயக்கில்லை என்று விட்டுவைத்த கல்லும் மேடுமான நிலம்.

தீவனப் பற்றாக்குறை எவ்வளவு என்பதற்கு ஒரே எண் கிடையாது. ஜான்சியில் 1962இல் தொடங்கப்பட்ட இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் தன்னுடைய 'விஷன் 2050' ஆவணத்தில் பசுந்தீவனப் பற்றாக்குறையை 35.6 சதவீதம் என்று சொன்னது. அதே நிறுவனத்தின் பிந்தைய மதிப்பீடு, பசுந்தீவனத்தில் 11.24, உலர்தீவனத்தில் 23.4, அடர்தீவனத்தில் 28.9 சதவீதம் பற்றாக்குறை என்கிறது. கணக்கிடும் முறை மாறினால் எண்ணும் மாறும். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் மாட்டின் தட்டில் குறை இருக்கிறது என்பது மட்டும் மாறவில்லை.

பந்தல்கண்டில் இந்தக் குறைக்கு ஒரு பெயரே உண்டு: 'அன்னா'. ராபி அறுவடை முடிந்ததும் மாடுகளை அவிழ்த்து விட்டுவிடும் பழைய வழக்கம் இது. முன்பு கோடையில் மட்டும் நடந்தது. டிராக்டர் வந்து உழவு மாட்டுக்கு வேலை இல்லாமல் போனது, பசு கொடுக்கும் பாலோ ஒரு லிட்டர், இரண்டு லிட்டர். தீவனம் வாங்கிப்போட்டுக் கட்டுப்படியாகாது என்று ஆனபிறகு, பலர் மாட்டை ஆண்டு முழுக்க அவிழ்த்தே விட்டுவிட்டார்கள். 2019 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் திரியும் மாடுகள் சுமார் 50 லட்சம்; உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 11.8 லட்சம். இரவெல்லாம் கட்டிலைப் போட்டு வயலைக் காவல் காக்கும் விவசாயிக்கு இது வெறும் புள்ளிவிவரம் இல்லை.

சரி, புல் இருக்கும்போது மாடு ஏன் மெலிகிறது?

மாடு நேரடியாகப் புல்லை ஜீரணிப்பதில்லை. அதன் பெரிய வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவைதான் நாரைச் சிதைத்துக் கொடுக்கின்றன. அந்த நுண்ணுயிர்கள் வேலை செய்ய அவற்றுக்கும் சாப்பாடு வேண்டும், முக்கியமாகத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன்.

தீவனத்தில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். நார் மெதுவாகத்தான் கரையும். வயிறு காலியாகாததால் மாடு மேற்கொண்டு மேயாது. மழைக்காலத்தில் தளதளவென்று இருக்கும் வெப்பமண்டலப் புல், பூத்து முற்றிக் காய்ந்தபிறகு 3 முதல் 5 சதவீதப் புரதத்துக்கு வந்துவிடும். நெல் வைக்கோலும் கோதுமை வைக்கோலும் அதே கணக்குதான். ஆக, மாட்டின் வயிறு நிறைந்துதான் இருக்கிறது, ஆனால் அது பட்டினியாக இருக்கிறது.

புல்லில் ஏன் தழைச்சத்து இல்லை? மண்ணில் இல்லை, அதனால் புல்லிலும் இல்லை. பந்தல்கண்டில் 'ராக்கர்' என்று சொல்லப்படும் செம்மண் மேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கல் கலந்த, ஆழமில்லாத, மழைநீர் நிற்காத மண். மாடு புல்லாக எடுத்துக்கொண்டு போவதில் பாதி பால், கன்று, வறட்டி என்று ஊருக்குள் போய்விடுகிறது. திரும்பி வருவது குறைவு. பல தலைமுறைகளாக எடுத்துக்கொண்டே இருக்கிறோம், போடவே இல்லை.

பயறு வகைச் செடி இதில் என்ன செய்கிறது?

துவரை, உளுந்து, நிலக்கடலை குடும்பத்துச் செடிகளின் வேரைப் பிடுங்கிப் பார்த்திருப்பீர்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. மேய்ச்சல் நிலத்துப் புல்லோடு இப்படி ஒரு பயறு வகைச் செடியைச் சேர்த்தால் இரண்டு பலன்கள்.

முதலாவது நேரடியானது. முயல் மசால் போன்ற செடியின் இலையில் புரதம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும். காய்ந்த புல்லோடு இதைக் கொஞ்சம் மேய்ந்தாலே வயிற்று நுண்ணுயிர்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். அதனால் அந்தக் காய்ந்த புல்லும் ஜீரணமாகும்.

இரண்டாவது மெதுவாக நடப்பது. வெப்பமண்டலப் பயறு வகைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு: மண்ணுக்கு மேலே ஒரு டன் உலர் எடை வளர்ந்தால், 20 முதல் 25 கிலோ நைட்ரஜன் காற்றிலிருந்து வந்திருக்கும். ஒரு ஹெக்டேரில் 2 டன் வளர்ந்தால் 40 முதல் 50 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை இரண்டில் இருப்பதே சுமார் 41 கிலோதான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். பயறுச் செடி பக்கத்திலிருக்கும் புல்லுக்கு வேர் வழியாக உடனே நைட்ரஜனை ஊட்டிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பது மிகக் குறைவு. உதிரும் இலை மக்க வேண்டும், பழைய வேர் அழுக வேண்டும், மேய்ந்த மாடு சாணமும் கோமியமும் போட வேண்டும். அதன் பிறகுதான் புல்லுக்குப் போகும். எனவே முதல் ஆண்டில் புல்லில் பெரிய மாற்றம் தெரியாது.

அது என்ன முயல் மசால்?

ஸ்டைலோசாந்தஸ் என்ற பேரினத்துக்குத் தமிழில் வேளாண் துறை வைத்திருக்கும் பெயர் இது. வெளியூர்களில் 'ஸ்டைலோ'. குதிரை மசால், வேலி மசால் வரிசையில் இதுவும் ஒரு தீவனச் செடி. ஆனால் குதிரை மசாலுக்கு நல்ல மண்ணும் தண்ணீரும் வேண்டும். முயல் மசாலுக்கு இரண்டும் இல்லாவிட்டாலும் ஓரளவு சமாளிக்கும். மணிச்சத்து குறைந்த, புளிப்புத் தன்மையுள்ள செம்மண்ணிலும் வளரும்.

இதன் தாயகம் பெரும்பாலும் தென் அமெரிக்காவும் கரீபியனும். இந்தியாவில் அதிகம் பேசப்படுபவை ஹமாட்டா, ஸ்காப்ரா என்ற இரண்டு இனங்கள். ஹமாட்டா தாழ்வாகப் படர்ந்து வளரும். ஸ்காப்ரா புதர்போல நின்று, ஆழமாக வேர்விட்டு வறட்சியைத் தாங்கும். வரலாற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆந்திரத்தின் ஓங்கோல் மாடு 'நெலோர்' என்ற பெயரில் பிரேசிலுக்குப் போய் அந்த நாட்டின் இறைச்சித் தொழிலுக்கே அடிப்படையானது. பிரேசில் பக்கத்துச் செடி இங்கே வந்து நம் மாட்டுக்குத் தீவனமாகிறது.

மேய்ச்சல் நிலத்தில் இது தாக்குப்பிடிப்பதற்கு ஒரு சுவாரஸ்யமான காரணம் இருக்கிறது. மழைக்காலத்தில் மாடு இளம்புல்லைத்தான் விரும்பித் தின்னும், முயல் மசாலைப் பெரிதாகச் சீண்டாது. அந்த இடைவெளியில் செடி வளர்ந்து விதை உதிர்த்துவிடும். புல் காய்ந்தபிறகு மாடு இதன் பக்கம் திரும்பும். வசந்தகாலப் பட்டாணிக் கொடி மாதிரி மென்மையான கொடி வகைகளுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆஸ்திரேலியாவில் பெரிதாகப் பரப்பப்பட்ட சிராட்ரோ என்ற கொடிப் பயறு, தொடர்ந்து நெருக்கி மேய்த்த இடங்களில் காணாமலே போனது. கொடியின் நுனியைக் கடித்தால் அதற்கு மீள வழியில்லை.

இன்னொரு நிம்மதி: குதிரை மசாலை ஈரமாக அதிகம் மேய்ந்தால் மாட்டுக்கு வயிறு உப்பும். முயல் மசாலில் அந்தப் பயம் பொதுவாக இல்லை.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லா ஊரிலும் இல்லை?

இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. விஞ்ஞானம் பல பத்தாண்டுகளாகக் கையில் இருக்கிறது. நிலத்தில் ஏன் வரவில்லை என்பதற்கு நான்கு காரணங்கள்.

ஒன்று, மூடி வைக்க முடியாத நிலம். விதைத்த முதல் பருவத்திலாவது மாட்டை உள்ளே விடக்கூடாது. செடி விதை உதிர்த்தால்தான் அடுத்த ஆண்டு மண்ணில் விதை இருப்பு இருக்கும். தன் பட்டா நிலத்தில் ஒருவர் இதைச் செய்துவிடலாம். ஊர்ப் பொதுநிலத்தில்? 'அன்னா' மாடுகள் திரியும் ஊரில் வேலி நிற்குமா? எல்லாருக்கும் சொந்தமான நிலத்தை ஆறு மாதம் யார் பூட்டுவது, பூட்டிய நாட்களில் நிலமில்லாத குடும்பத்தின் ஆடு எங்கே மேய்வது? இதற்குப் பதில் இல்லாமல் விதை வாங்கிப் பயனில்லை.

இரண்டு, நிலமே மிஞ்சவில்லை. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தீர்ப்பு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் மேய்ச்சல் நிலம் குறித்த வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மூன்று, விதை. நாட்டில் முயல் மசால் விதை உற்பத்திக்குப் பெயர்பெற்ற இடம் ஆந்திரத்தின் அனந்தபூர். நிலக்கடலை தவறிப்போகும் அந்த வறண்ட மாவட்டத்தில் சிறு விவசாயிகள் பல ஆண்டுகளாக இதை விதைக்காகவே பயிரிடுகிறார்கள். விதை தரையில் உதிர்ந்துவிடும் என்பதால் நிலத்தைக் கூட்டிப் பெருக்கி, சலித்து எடுக்க வேண்டும். வாங்குவது பெரும்பாலும் அரசுத் திட்டங்கள். திட்டம் இருக்கும் ஆண்டில் விலை இருக்கும், இல்லாத ஆண்டில் மூட்டை வீட்டிலேயே கிடக்கும். இந்த நிலையற்ற சந்தையை நம்பி யார் தொடர்ந்து விதைப்பார்கள்?

விதைத்தோல் கடினம் என்பதும் ஒரு தடை. கொதிநிலைக்குக் கீழே சூடான நீரில் சில நிமிடங்கள் போட்டு எடுத்து விதைத்தால்தான் சீராக முளைக்கும். இதைச் சொல்லித் தராமல் விதைப் பொட்டலத்தை மட்டும் கொடுத்தால், 'முளைக்காத விதை' என்ற கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

நான்கு, மணிச்சத்து. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்க முடியும், பாஸ்பரஸைப் பிடிக்க முடியாது. அது மண்ணிலிருந்தோ மூட்டையிலிருந்தோதான் வர வேண்டும். முயல் மசால் குறைந்த மணிச்சத்தில் உயிரோடு இருக்கும் என்பது உண்மை. ஆனால் அப்படி வளர்ந்த செடியை மட்டும் மேயும் மாட்டுக்கு மணிச்சத்துக் குறை வரும். எலும்பைக் கடிக்கும் மாட்டைப் பார்த்திருந்தால், அதற்கு இதுவும் ஒரு காரணம். கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட், அல்லது மாட்டுக்குத் தாது உப்பு, இரண்டில் ஒன்றாவது வேண்டும். யூரியா மட்டும் போடவே கூடாது. யூரியா போட்டால் புல் ஓங்கி வளர்ந்து பயறை அமுக்கிவிடும், வேர் முடிச்சும் வேலையை நிறுத்திவிடும்.

அடுத்தவர் அனுபவம் என்ன சொல்கிறது?

வட ஆஸ்திரேலியாவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தற்செயலாக வந்து சேர்ந்தது டவுன்ஸ்வில் ஸ்டைலோ. மலிவாக மேய்ச்சல் நிலத்தை மாற்றும் அதிசயச் செடி என்று பெரும்பரப்பில் விதைத்தார்கள். 1970களில் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் வந்தது. பரந்த மேய்ச்சல் நிலங்களில் செடி அழிந்தது. பிறகு நோயைத் தாங்கும் ஹமாட்டா, ஸ்காப்ரா ரகங்களுக்கு மாறினார்கள். இந்தியாவுடன் சேர்ந்தும் இந்த நோய் பற்றி ஆய்வு நடந்தது. பாடம் எளிது: ஒரே இனம், ஒரே ரகம் என்று ஒரு மாவட்டத்தையே நிரப்பாதீர்கள்.

இரண்டாவது பாடமும் அங்கிருந்தே. சில இடங்களில் முயல் மசால் மிக நன்றாக வளர்ந்தது. விவசாயிகள் மாட்டின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். மாடுகள் புல்லை மொட்டையடித்தன. பல்லாண்டுப் புற்கள் போய் மண் திறந்து கிடந்தது, பல ஆண்டுகளில் மண்ணின் புளிப்பும் கூடியது. பயறு வகை என்பது புல்லுக்குத் துணை. புல்லை விரட்டிவிட்டால் நிலம் மழையில் கரையும்.

மூன்றாவது பாடத்துக்கு வெளிநாடு போக வேண்டாம். குஜராத்தின் பன்னி புல்வெளியில் உப்புப் பாலைவனம் பரவாமல் தடுக்க 1960களில் ஒரு மரத்தை நட்டார்கள். அது சீமைக்கருவேலம். அதுவும் பயறு குடும்பம்தான், அதுவும் காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கும்தான். ஆசியாவின் பெரிய புல்வெளிகளில் ஒன்று இன்று அந்த முள்காட்டோடு போராடுகிறது.

அதனால் 'தரிசு' என்று அரசு எழுதிவைத்த எல்லா நிலத்திலும் எதையாவது விதைத்துவிடலாம் என்பது ஆபத்தான யோசனை. 2019ஆம் ஆண்டின் தரிசு நில வரைபடத் தொகுப்பு நாட்டின் 16.96 சதவீதப் பரப்பை, சுமார் 5.57 கோடி ஹெக்டேரை, தரிசு என்கிறது. அதற்குள் கானமயில், ஓநாய், மான் வாழும் இயற்கைப் புல்வெளிகளும் இருக்கின்றன. நன்றாக இருக்கும் புல்வெளிக்கு வெளிநாட்டுச் செடி தேவையில்லை, ஓய்வு கொடுத்தால் போதும். ஏற்கெனவே சீரழிந்த, புல்லே அற்றுப்போன நிலத்துக்குத்தான் இந்த மருந்து.

நாட்டுப் பயறுகளையும் மறக்கக் கூடாது. கொங்குப் பகுதியின் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறும் வெள்வேல மரமும் கிளுவை வேலிக்குள் சேர்ந்து வளர்கின்றன. காங்கயம் மாடு வளர்ந்தது இதை மேய்ந்துதான். புல்லோடு பயறு என்பதை எந்த ஆய்வு நிலையமும் சொல்லாமலே அந்த விவசாயிகள் கண்டிருக்கிறார்கள். அங்கே வேலி இருக்கிறது, நிலம் தனியாருடையது, எத்தனை மாடு விடுவது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அரசு என்ன செய்கிறது?

தேசிய கால்நடை இயக்கத்தில் தீவன விதை உற்பத்திக்கு உதவி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை அதில் ஒரு திருத்தம் செய்து, தரிசு நிலம், மேய்ச்சல் நிலம், சீரழிந்த வன நிலம் ஆகியவற்றில் தீவனம் வளர்க்க மாநில அரசுகளுக்கு உதவ ஒப்புதல் தந்தது. வழி திறந்திருக்கிறது.

இதோடு இன்னொரு செலவை ஒப்பிட்டுப் பாருங்கள். உத்தரப் பிரதேச அரசு, காப்பகத்தில் இருக்கும் மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தருகிறது. 2023க்கு முன்பு 30 ரூபாய். 250 கிலோ எடையுள்ள மாடு ஒன்று நாளைக்கு 5 முதல் 6 கிலோ உலர்தீவனம் தின்னும். கோதுமை வைக்கோல் கிலோ 8 ரூபாய் என்று வைத்தால்கூட 40 முதல் 48 ரூபாய் அதற்கே போய்விடும். அதுவும் புரதம் 4 சதவீதம்கூடத் தேறாத தீவனத்துக்கு. ஆண்டுக்கு ஒரு மாட்டுக்கு 18,250 ரூபாய். அடுத்த ஆண்டும் அதே செலவு. மேய்ச்சல் நிலத்தில் போடும் பணம் மட்டும்தான் மண்ணில் தங்கும்.

எல்லாவற்றையும் இந்தச் செடி தீர்த்துவிடுமா? தீர்க்காது. பால் தராத மாட்டை என்ன செய்வது என்ற கேள்விக்கு எந்தப் பயறிலும் பதில் இல்லை. ஆனால் 1 லிட்டர் கறக்கும் மாடு 2 லிட்டர் கறந்தால், அதை அவிழ்த்து விடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கும். அந்த அளவுக்கு இது உதவும்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால் என்ன கேட்கலாம்?

விதைக்கும் நிலம் ஏற்கெனவே நல்ல புல்வெளியா, உண்மையிலேயே சீரழிந்ததா? முதல் பருவம் மூடி வைக்கும்போது நிலமில்லாதவர்களின் ஆடுமாடுகளுக்கு மாற்று என்ன? ஒரே ரகம்தான் தருகிறார்களா, நாட்டுப் பயறும் சேர்ந்திருக்கிறதா? விதையோடு மணிச்சத்துக்கும் தாது உப்புக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? மூன்றாம் ஆண்டில் எத்தனை மாடு விடுவது என்பதை யார் முடிவு செய்வார்கள்?

இந்த ஐந்துக்கும் கிராம சபையில் பதில் கிடைத்தால் விதைக்கலாம். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை என்றாலும் அவசரப்படாதீர்கள். இரண்டு ஆண்டில் வளர்ந்த மேய்ச்சல் நிலத்தை மொட்டையாக்க ஒரு கோடை போதும்.